இந்த மிடி வேறு, அந்த மிடி வேறு!

(பட்டிமன்றத் தலைப்பு: ‘கணிப்பொறி வந்ததால் இசை வளர்ந்ததா? தளர்ந்ததா?’ – ‘வளர்ந்ததே’ அணியில் இரண்டாவதாகப் பேசியது)

    

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை ஒரு போடு போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். “கம்ப்யூட்டர் தட்டுற தாளத்துல கணக்கு இருக்கு, உயிர் இல்லை. குக்கர் விசில்கூட ஒரே மாதிரிதான் வருது. அதை யாராவது கச்சேரின்னு சொல்லுவாங்களா?” என்று கேட்டார். அம்மா, எங்க வீட்டுல மூணாவது விசில் வந்தாத்தான் எனக்கு உயிரே வரும்! (சிரிப்பு)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கு நாம் பேசும் கம்ப்யூட்டர் இசைக்கு அடிப்படையாக ஒரு சொல் இருக்கிறது. அதன் பெயர் மிடி. பெண்பிள்ளைகள் உடுத்தும் மிடி இல்லை. தமிழில் ‘மிடி’ என்றால் வறுமை. எதிரணி நண்பர்கள் சொல்லப்போவது எனக்கு முன்கூட்டியே தெரியும். “ஐயா, இந்த மிடி வந்துதான் வாத்தியக்காரன் வீட்டுக்கு அந்த மிடி வந்தது” என்பார்கள். (கைதட்டல்) கைதட்டுங்கள், தவறில்லை. அந்தக் கேள்வியை நான் ஒதுக்கிவிட்டுப் போக மாட்டேன். கடைசியில் அதற்குத்தான் வரப்போகிறேன்.

முதலில் இந்த மிடி என்ன என்று பார்த்துவிடுவோம். இசைக்கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள ஒரு பொதுமொழி, அவ்வளவுதான். அமெரிக்காவில் டேவ் ஸ்மித், ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தை நடத்திய இகுடாரோ ககேஹாஷி, இவர்கள் முன்னின்று செய்த வேலை. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், இரண்டு வேறு வேறு கம்பெனிகளின் கீபோர்டுகளை ஒரு கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றை வாசித்தால் மற்றதும் ஒலித்தது. போட்டிக் கம்பெனிகள் இரண்டு ஒரே மொழியில் பேசின! நம்ம ஊர்ல ஒரே கட்சிக்காரங்களே அப்படிப் பேசுறது இல்லை. (சிரிப்பு, கைதட்டல்) இந்த வேலைக்காக 2013-ல் இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கொடுத்தார்கள்.

ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மிடிக்குள் ஒலி கிடையாது. குறிப்புதான் இருக்கிறது. சமையல் குறிப்பும் சாம்பாரும் ஒன்றா? இல்லையே. ‘இந்த நேரத்தில், இந்த எண்ணை, இந்த வேகத்தில் அடி’ என்பதுதான் மிடி. சத்தம் போடுவது வெளியில் இருக்கும் பெட்டி. குறிப்பு என்பதால்தான், ஒரே ஒரு அடியைக்கூடத் தொட்டுத் திருத்த முடிகிறது. என் வாதமே இந்த ஒரு அடியில்தான் இருக்கிறது.

நான் சொல்லப்போவது 1997-ல் நடந்தது. கல்லூரியில் நான் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளன். ஆண்டு விழாப் பாட்டுக்கு இசை போடுகிறேன் என்று ஒரு மாணவன் முன்வந்தான். அவன் மாமா கடையில் ஒரு கம்ப்யூட்டர். அதில் பழைய சீக்வென்சர் மென்பொருள் ஒன்று. மெட்டு பிரமாதம். ஆனால் தாளத்தில் ஹை-ஹாட் என்கிற அந்த இரட்டைத் தட்டு மட்டும் ‘சிக் சிக் சிக் சிக்’ என்று காதைத் துளைத்தது. முதல்வர் கேட்டுவிட்டு, “தம்பி, பாட்டு நல்லாருக்கு. அந்த வெட்டுக்கிளியை மட்டும் கொஞ்சம் அடக்கு” என்றார். (சிரிப்பு)

இவன் போய் ஒலியளவைக் குறைத்தான். ஹை-ஹாட் அடங்கியது. கூடவே டிரம்மும் அடங்கியது. ஸ்நேரும் அடங்கியது. தாளமே காணாமல் போனது!

ஏன் தெரியுமா? மிடியில் மொத்தம் 16 வழிகள். வயலினுக்கு ஒன்று, குழலுக்கு ஒன்று என்று ஆளுக்கு ஒரு வழி கொடுக்கலாம். ஆனால் 1991-ல் ‘ஜெனரல் மிடி’ என்று ஒரு பொது ஒழுங்கு வந்தபோது, தோல் தட்டுகிறவர், தகடு தட்டுகிறவர், கட்டை தட்டுகிறவர் எல்லாரையும் சேர்த்துப் பத்தாம் எண் வழியில் குடிவைத்துவிட்டார்கள். 35 முதல் 81 வரை, 47 பேர்! 36 பெரிய டிரம். 38 ஸ்நேர். 42 மூடிய ஹை-ஹாட். 46 திறந்த ஹை-ஹாட். 56 மாட்டு மணி. 81 முக்கோண மணி. நூற்றுக்கு நூறு கூட்டுக்குடும்பம்! (சிரிப்பு)

ஒலியளவு என்பது அந்த வீட்டு மெயின் சுவிட்ச். வீட்டில் ஒருத்தர் சத்தமாகப் பேசுகிறார் என்பதற்காக மெயினை அணைத்தால், பாட்டியும் இருட்டில், பேரனும் இருட்டில். அதைத்தான் என் மாணவன் செய்தான்.

இடையில் ஒரு வருத்தம். அந்த 47-ல் பாங்கோ உண்டு, காங்கா உண்டு. நம்ம மிருதங்கமும் தபலாவும் இல்லை. மேளக் கருவிகளுக்கு வெளியே இருக்கும் 128 ஒலிகளின் பட்டியலில் சிதாருக்கும் ஷெனாய்க்கும் இடம் கிடைத்தது. மத்தளத்துக்கு மட்டும் கிடைக்கவில்லை. கல்யாண வீட்டுல நம்மளை மட்டும் பந்திக்குக் கூப்பிடாத மாதிரி! (சிரிப்பு)

அப்புறம் அவன் என்ன செய்தான்? அந்தக் காலத்து மென்பொருள்களில் இதற்கு வழி இருந்தது. கேக்வாக் என்று ஒன்று. பத்தாம் வழியில் வரும் அடிகளை எண் வாரியாகப் பிரித்து, 36 ஒரு தடத்தில், 38 ஒரு தடத்தில், 42 ஒரு தடத்தில் என்று தனித்தனியாக எடுத்துவைக்கும் ஒரு சின்னக் கட்டளை அதில் உண்டு. கூட்டுக்குடும்பத்தைத் தனிக்குடித்தனம் வைக்கிற வேலை!

ஆனால் அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தடம் வேறானாலும் எல்லாரும் போய்ச் சேருவது அதே பத்தாம் வழிதான். தனிக்குடித்தனம் போனாலும் ரேஷன் கார்டு ஒன்றே! (சிரிப்பு) ஆகவே, பிரித்த பிறகும் ஒரு தடத்தின் ஒலியளவைத் தொட்டால் எல்லார் தலையிலும் விழும். அங்கே தொட வேண்டியது ஒலியளவை அல்ல, அடியின் வேகத்தை.

நடுவர்: தனிக்குடித்தனத்தைப் பற்றி ரொம்ப விவரமாப் பேசுறீங்களே, ஐயா! வீட்டுல ஏதாவது பேச்சு நடக்குதா?

ஐயா, வீட்டுல பேச்சு நடந்தா நான் எதுக்கு மேடைக்கு வரப்போறேன்? (பலத்த சிரிப்பு)

அடியின் வேகத்துக்கு 1 முதல் 127 வரை எண் உண்டு. சுழியம் போட்டால் ‘கையை எடு’ என்று பொருள். 127 போட்டால் ஓங்கி ஒரே போடு. என் மாணவன் ஹை-ஹாட் தடத்தைத் திறந்து காட்டினான். பாட்டு முழுவதும் 100, 100, 100, 100. அத்தனை அடியும் ஒரே எண். எல்லாவற்றையும் 30 குறைத்தான். சத்தம் குறைந்தது. ஆனால் வெட்டுக்கிளி சாகவில்லை. உரக்கக் கத்தின வெட்டுக்கிளி மெதுவாகக் கத்தியது, அவ்வளவுதான்.

எதிரணித் தங்கை சொன்ன ‘உயிர் இல்லை’ என்பது இந்த இடம்தான். அவர் சொன்ன நோய் உண்மை. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த நோய்க்கு மருந்தும் அதே திரையில்தான் இருந்தது.

தமிழ் வாத்தியார் பேசுகிறேன், ஒரு இலக்கணம் சொல்ல அனுமதி கொடுங்கள். கண் இமைக்கிற நேரம், கை நொடிக்கிற நேரம், அதுதான் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியர் அளவு சொன்னார். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. அதோடு விட்டாரா? ‘பசு’ என்று சொல்லுங்கள். கடைசி உகரம் முழுசாக ஒரு மாத்திரை ஒலிக்கும். ‘காசு’ என்று சொல்லுங்கள். அதே ‘சு’தான். ஆனால் உகரம் அரை மாத்திரையாகக் குறுகிவிடும். குற்றியலுகரம். காசு என்று வந்துவிட்டால் எழுத்துக்கூடச் சுருங்கிவிடுகிறது பாருங்கள்! (சிரிப்பு, கைதட்டல்)

எழுத்து ஒன்றுதான். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் அளவு மாறுகிறது. தாளத்துக்கும் அதே இலக்கணம்தான். 42 என்கிற எண் ஒன்றுதான். தட்டின் தலையில் வந்தால் ஓங்க வேண்டும். நடுவில் வந்தால் ஒடுங்க வேண்டும். ஸ்நேரோடு சேர்ந்து வந்தால் அதற்கு வழிவிட வேண்டும். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் தண்ணுமை முழக்குகிறவனுக்கு இளங்கோவடிகள் சொல்லும் தகுதி என்ன? ஆக்க வேண்டிய இடத்தில் ஆக்கி, அடக்க வேண்டிய இடத்தில் அடக்கி, அளவு மீறாமல் கையை நடத்தத் தெரிய வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வோர் அடிக்கும் எண் போடுகிறவனுக்கும் அதே தகுதிதான் வேண்டும். கை இருந்த இடத்தில் காது வந்திருக்கிறது.

அடுத்தது காலம். அந்தப் பழைய மென்பொருள்களில் ஒரு தட்டை 96, 120, 192 என்று சிறு கூறுகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில், ஒரு தட்டு அரை நொடி. அதை 120 கூறாக்கினால், ஒரு கூறு ஒரு நொடியில் ஏறக்குறைய 240-ல் ஒரு பங்கு. மனிதன் வாசித்தால் அடி அங்கே இங்கே விழும். ‘குவான்டைஸ்’ என்று ஒரு கட்டளை கொடுத்தால், சிதறி நிற்கிற அடிகளை எல்லாம் பி.டி. வாத்தியார் மாதிரி கோட்டில் கொண்டுவந்து நிறுத்திவிடும். பார்க்க அழகு. கேட்டால் அணிவகுப்பு! (சிரிப்பு)

இதைச் சரிசெய்ததும் கம்ப்யூட்டர்க்காரன்தான். ரோஜர் லின் என்ற அமெரிக்கர், உண்மையான டிரம் ஒலிகளைப் பதிந்து வைத்து 1980-ல் எல்எம்-1 என்று ஒரு தாளப் பெட்டி கொண்டுவந்தார். ஒவ்வோர் ஒலிக்கும் தனித்தனிச் சுருதித் திருகு வைத்தார். அடிகளைக் கோட்டில் நிறுத்தும் வசதி வைத்தவர், இரண்டாவது அடியைக் கொஞ்சம் தள்ளிப்போடும் வசதியையும் கூடவே வைத்தார். அவர் வடிவமைத்து 1988-ல் வந்த எம்பிசி-60 கருவியில் அதற்கு எண்ணே உண்டு. 50 என்றால் சரிபாதி. 66 என்றால் மூன்றில் இரண்டு பங்கு. நம்ம ஊர்க் கணக்கில் அது திஸ்ர நடை! 1989-ல் ஜெர்மனியிலிருந்து க்யூபேஸ் வந்தது. அதன் டிரம் திருத்தும் பக்கத்தில் ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு வரிசை, வரிசைக்கு ஒரு பெயர், ஒவ்வொரு வரிசைக்கும் தனிக் காலக்கட்டம். ஹை-ஹாட்டைக் கோட்டில் நிறுத்தலாம், ஸ்நேரை அதன் போக்கில் விடலாம். பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே அளவில் சட்டை தைக்காமல், ஒவ்வொருத்தனுக்கும் அளவெடுத்துத் தைப்பது போல.

இப்போது என் மாணவன் கதைக்கு வருகிறேன். இரவு பதினொரு மணி. நானும் கூட உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாவது டீ. ஒவ்வோர் அடியாக எண் மாற்றிக்கொண்டே வருகிறான். மகனைத் தேடி அவன் அப்பா வந்தார். வாசலிலேயே நின்றார்.

அந்த அப்பா யார் தெரியுமா? மெல்லிசைக் குழுவில் இருபது வருஷம் டிரம் வாசித்தவர். கீபோர்டிலேயே தாளம் வந்த பிறகு, ‘டிரம்ஸ் வேண்டாம், செலவு குறையும்’ என்று சொல்லும் கல்யாண வீடுகள் பெருகின. மாதம் பத்துக் கச்சேரி இருந்தவருக்கு இரண்டு ஆனது. பகலில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். எந்தப் பெட்டி அவர் சோற்றில் கைவைத்ததோ, அந்தப் பெட்டி முன்னால் மகன் உட்கார்ந்திருக்கிறான்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மகன் எழுந்து நின்றான். அவர் ஒன்றும் பேசவில்லை. பாட்டை ஒருமுறை முழுக்கக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். “டேய், உன் டிரம்மருக்கு மூணு கை இருக்குடா.”

எங்களுக்குப் புரியவில்லை. “வலது கை ஹை-ஹாட்ல இருக்கு. இடது கை ஸ்நேர்ல இருக்கு. அதே நேரத்துல இந்த டாம் டிரம்மை யாரு அடிக்கிறது? உங்க அம்மாவா?” (பலத்த சிரிப்பு) “ரெண்டு கையும் டாமுக்குப் போறப்ப, மேல ஹை-ஹாட்டை எடுத்துடு. காலால மிதிக்கிற சத்தம் மட்டும் போடு. அப்புறம், இடது கை அடி எப்பவும் வலது கையைவிடக் கொஞ்சம் மெலிசாத்தான் விழும். உன் ஆளுக்கு ரெண்டு கையும் ஒரே கையா இருக்கே!”

பையன் பட்டியலைப் பார்த்தான். 44, மிதி ஹை-ஹாட். மூன்றாவது கையை வெட்டினான். அந்த இடங்களில் 44 வைத்தான். 96, 74, 90, 70 என்று வலதும் இடதுமாக எண் போட்டான். அப்பா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். “இந்த ஸ்நேரை ஒரு முடி அளவு பின்னால தள்ளு... போதும்... இன்னும் கொஞ்சம்... ஆங்!” மூன்று கூறு தள்ளியிருந்தான். ஒரு நொடியில் 80-ல் ஒரு பங்கு. விடியற்காலை நாலு மணிக்குப் பாட்டைப் போட்டுக் கேட்டோம். எனக்கு இசை தெரியாது ஐயா. ஆனால் என் கால் தானாகத் தாளம் போட்டது. வெட்டுக்கிளி போய்விட்டது. பெட்டிக்குள் ஒரு ஆள் உட்கார்ந்து வாசித்தார். அந்த ஆள், பக்கத்து நாற்காலியில் இருந்த அந்த அப்பாதான்! (நீண்ட கைதட்டல்)

இப்போது எதிரணியின் பெரிய கேள்விக்கு வருகிறேன். வாத்தியக்காரர் பிழைப்பு என்ன ஆனது? அது உண்மையான வலி. இங்கே மட்டும் இல்லை. 1982-லேயே பிரிட்டனில் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சிந்தசைசரையும் டிரம் மெஷினையும் தடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அவர்கள் பயந்ததில் நியாயம் உண்டு. பலருக்கு வேலை போனது. அந்த அப்பாவுக்கும் போன கச்சேரி திரும்பி வரவில்லை. மேடையில் ஜெயிப்பதற்காக அதை மறைத்தால் நான் வாத்தியார் இல்லை.

ஆனால் தலைப்பு என்ன? ‘இசை’ வளர்ந்ததா, தளர்ந்ததா? செலவு குறைய வேண்டும் என்று ஆளை நிறுத்தியது யார்? கணக்குப் பார்த்த மனிதன். வந்த ஒலியை அப்படியே விட்டுவிட்டுப் போனது யார்? சோம்பல்பட்ட மனிதன். பெட்டி என்ன செய்தது? எல்லா அடிக்கும் 100 என்று போட்டுக் காட்டி, “உயிர் எங்கே இருக்கிறது, நீயே கண்டுபிடி” என்று மனிதனிடம் கேட்டது. இரண்டு கைகளில் தானாக நடந்துகொண்டிருந்த ஒரு வித்தையை, ஒவ்வோர் அடியாகப் பிரித்து, எண்ணாகப் படிக்க வைத்தது.

ஒரே ஒரு சான்று சொல்லி முடிக்கிறேன். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து இளைஞர் ஜே டில்லா. 1974-ல் பிறந்தவர். தாளப் பெட்டியில் பெரிய டிரம்மை ஓரளவும், ஸ்நேரை வேறோர் அளவும், ஹை-ஹாட்டை இன்னோர் அளவும் கோட்டிலிருந்து விலக்கி வைத்தார். கேட்டால் தடுமாறுகிற மாதிரி இருக்கும், ஆனால் விழாது. 32 வயதில், 2006-ல் மறைந்துவிட்டார். அவர் பயன்படுத்திய எம்பிசி-3000 பெட்டி இன்றைக்கு வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைவிடப் பெரிய செய்தி ஒன்று. அந்தப் பெட்டியில் பிறந்த நடையை, கையும் காலும் உள்ள டிரம்மர்கள் உட்கார்ந்து பயிற்சி செய்து வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள். பெட்டி மனிதனிடம் படித்தது. பிறகு மனிதன் பெட்டியிடம் படித்தான். இதற்குப் பெயர் தளர்ச்சியா, ஐயா? (கைதட்டல்)

(மணி ஒலிக்கிறது)

மணி அடித்துவிட்டீர்கள். அதுவும் சரியாகத் தட்டின் தலையில் அடித்துவிட்டீர்கள்! (சிரிப்பு)

இன்றைக்குக் கைப்பேசியிலேயே தாளம் கிடைக்கிறது. ‘மனிதத்தன்மை சேர்’ என்று ஒரு பொத்தான்கூட இருக்கிறது. வீட்டில் பிள்ளைகள் இசை போடுகிறேன் என்று உட்கார்ந்தால், பெற்றோர்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள். அந்தப் பொத்தானை அழுத்தும் முன்னால், ஒரே ஒரு பாட்டிலாவது ஒவ்வோர் அடியையும் தனித்தனியாகக் கேட்டுத் திருத்தச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் பழைய டிரம்மர் ஒருவர் இருந்தால், தவில்காரர் இருந்தால், அவரை அழைத்து வந்து பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். மூன்றாவது கை எங்கே இருக்கிறது என்று அவர் கண்டுபிடித்துச் சொல்லுவார். அதற்கு உரிய சம்பளத்தையும் கொடுங்கள்.

தமிழில் மிடி என்றால் வறுமை. ஒவ்வோர் அடியையும் உற்றுக் கேட்கிற காது இருக்கிற வீட்டில் இந்த மிடி இருக்கலாம், இசைக்கு அந்த மிடி வராது. எனவே நடுவர் அவர்களே, கணிப்பொறியால் இசை வளர்ந்ததே, வளர்ந்ததே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)